வர்ணனையாளரின் காது

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள் நடக்கிறது. 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். வீதிக்கு வரமுடியாத முதியவர்களும், கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவுகளும் அந்தத் தேரை வானொலியிலோ இணையத்திலோ ஒரு வர்ணனையாளரின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் பின்தொடர்கிறார்கள். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 தொடக்கம் மோதிவரும் ‘வடக்கின் பெரும் போர்’ துடுப்பாட்டத்துக்கும் இதே நிலைதான். இப்படியொரு நேரடி ஒலிபரப்புக்கு ஆயத்தம் செய்யும்போது நல்ல ஒலிவாங்கி தேடுகிறோம், கமராவுக்குச் செலவழிக்கிறோம், இணைய வேகத்தைப் பற்றி நாள்கணக்கில் பேசுகிறோம். வர்ணனையாளர் காதில் என்ன கேட்கவேண்டும் என்ற கேள்வி கடைசியில், கையில் அகப்பட்ட ஒரு ஹெட்போனை மாட்டிவிடுவதோடு முடிந்துபோகிறது. இந்த வரிசை தலைகீழானது. வாயிலிருந்து வருவதன் வேகத்தையும் உரப்பையும் தெளிவையும் கணத்துக்குக் கணம் திருத்துவது காது. அந்தக் காதுக்குப் பிழையான ஒலியை ஊட்டிவிட்டு எவ்வளவு விலையுயர்ந்த ஒலிவாங்கியை முன்னால் வைத்தாலும், அது கெட்டுப்போன பேச்சைத்தான் துல்லியமாகப் பதியும்.

காது குரலை ஆள்கிறது என்பதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சான்று உண்டு. எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் எழுதிய கட்டுரையில், பேசிக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினால் அவர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவதையும், இரைச்சலை நிறுத்தியதும் குரல் தானாக இறங்குவதையும் காட்டினார். இதன் மறுபக்கத்தைத் தொலைபேசிப் பொறியியலாளர்கள் கண்டார்கள். பேசுபவரின் சொந்தக் குரலைக் கேட்குழாயில் அவருக்கே உரக்கத் திருப்பிக் கொடுத்தால் அவர் மெல்லப் பேசத் தொடங்குவார். கொடுக்காமல் விட்டால் கத்துவார். எனவே தேர்முட்டிக்கு அருகில் நிற்கும் வர்ணனையாளர் கத்துகிறார் என்றால் அவருடைய பயிற்சியில் குறை தேட வேண்டியதில்லை. அவரைச் சுற்றி ஒலிப்பது நாதஸ்வரமும் தவிலும். அளவெட்டியும் இணுவிலும் பேணி வளர்த்த அந்த மேளம், ஒலிபெருக்கி இல்லாத காலத்திலேயே வீதி முழுவதும் கேட்கவென்று அமைந்த வெளிமேடைக் கலை. அதோடு காண்டாமணியும் அரோகரா ஒலியும் சேரும்போது அவருக்குத் தன் குரலே கேட்பதில்லை. கேட்காத குரலை எவரும் உயர்த்தத்தான் செய்வார்கள். உயர்த்திய குரல் அரை மணி நேரத்தில் கரகரக்கும், ஏற்ற இறக்கம் போய்விடும், பக்தி கலந்து சொல்லவேண்டியது கூவி விற்பதுபோல் ஆகிவிடும். அவருடைய குரலை அவருக்குப் போதிய அளவில் கேட்கச் செய்வதுதான் இதற்கு முதல் மருந்து.

ஆனால் எந்த நேரத்தில் கேட்கச் செய்கிறோம் என்பது அதைவிடப் பெரிய விடயம். அமெரிக்கரான பேர்னாட் லீ 1950இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவரின் பேச்சை ஒரு செக்கனின் சிறு பங்கு தாமதப்படுத்தி அவர் காதில் ஒலிக்கவிட்டால் அவர் இழுத்துப் பேசுவதையும், அசைகளை இரட்டிப்பதையும், திக்குவதையும் விவரித்தது. தாமதம் ஏறத்தாழ 200 மில்லிசெக்கனாக இருக்கும்போது குழப்பம் உச்சத்தை அடைகிறது. சாதாரணப் பேச்சில் ஓர் அசைக்கு எடுக்கும் நேரமும் கிட்டத்தட்ட அதுதான். வாய் அடுத்த அசைக்குப் போய்விட்டது, காதோ முந்திய அசையைச் சொல்கிறது; இரண்டில் எதை நம்புவதென்று மூளை தடுமாறுகிறது. இப்போது கோயில் வீதியைக் கவனியுங்கள். 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். வர்ணனையாளர் இருக்கும் பந்தலில் இருந்து 70 மீற்றர் தள்ளி ஒரு கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டப்பட்டு, அதில் அவர் குரலே ஒலித்தால், அது அவர் காதுக்குத் திரும்பிவர எடுக்கும் நேரம் 200 மில்லிசெக்கன். நேராக அந்தப் பொல்லாத இடத்தில் போய் விழுகிறது. வீதியில் வரிசையாகக் கட்டிய குழாய்களில் ஏதோ ஒன்று எப்போதும் இந்தத் தூரத்துக்கு அண்மையில்தான் இருக்கும். திருவிழாவில் சொல் இழுபடுவதற்கு உணர்ச்சிப் பெருக்கு ஒரு காரணமாக இருக்கலாம். 70 மீற்றர் இன்னொரு காரணம்.

இதே தாமதம் இன்று வேறு இரண்டு வழிகளிலும் காதுக்குள் நுழைகிறது. ஒன்று, புளூடூத் ஹெட்போன். வயர் இல்லை, சிக்கல் இல்லை என்று இளைஞர்கள் விரும்பும் இந்தக் கருவி ஒலியைப் பொதிகளாக்கி அனுப்பி மீண்டும் விரிப்பதற்குப் பொதுவாக 150 முதல் 250 மில்லிசெக்கன் வரை எடுத்துக்கொள்ளும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியவே தெரியாது. தன் குரலைத் தானே கேட்டுப் பேசவேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமற்ற ஹெட்போனைத் தேடிப்பிடிப்பது கடினம். மற்றது, திரும்பிவரும் நிகழ்ச்சி ஒலி. நல்லூரில் இருந்து கைத்தொலைபேசி வழியாகவோ இணையத்தின் வழியாகவோ கொழும்புக் கலையகத்துக்குக் குரல் போகிறது. கலையகம் முழு நிகழ்ச்சியையும் அப்படியே திருப்பி அனுப்புகிறது. அதற்குள் வர்ணனையாளரின் குரலும் இருக்கிறது, கால் செக்கனோ அரைச் செக்கனோ பிந்தியபடி. யூரியூப் நேரலையையே ஒரு கைத்தொலைபேசியில் திறந்து காதில் வைத்துக்கொண்டால் தாமதம் பல செக்கன்களாகிவிடும். அப்போது திக்கல் வராது. ஆனால் தேர் திரும்பிய பின்னர் தேர் புறப்பட்ட செய்தியைத் தன் குரலிலேயே கேட்டுக்கொண்டு பேசவேண்டியிருக்கும்.

இதற்கான தீர்வை ஒலிபரப்புப் பொறியியல் எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கலையகம் ஒவ்வொரு வெளிக்களத்துக்கும் தனியாக ஒரு கலவை அனுப்பவேண்டும். அந்தக் களத்தில் இருந்து வந்த ஒலியை மட்டும் அதில் கழித்துவிட வேண்டும். வர்ணனையாளர் தன் குரலைத் தன் பக்கத்திலுள்ள மிக்சரில் இருந்து தாமதமின்றிக் கேட்பார். மற்ற எல்லாவற்றையும் கொழும்பில் இருந்து கேட்பார். மிக்சரில் ஒரு துணை வெளியீடு, அதில் ஒரேயொரு திருகு பூச்சியத்தில், அவ்வளவுதான். இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். மயில்வாகனமும் கே. எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் இலங்கை வானொலியில் பேசிய காலத்தில் இந்தக் கணக்கெல்லாம் யார் பார்த்தார்கள், அவர்களுடைய தமிழ் தெளிவாக இருக்கவில்லையா என்று. இருந்தது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பேசியது ஒலி புகாத கலையகத்தில், கண்ணாடிக்கு அப்பால் பயிற்சி பெற்ற ஒரு பொறியியலாளரின் துணையோடு. வெளிக்களத்தில் இருந்து வந்த ஒலியும் அன்று செம்புக் கம்பியில் மின்னலையாகவே போய்வந்தது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே போய்த் திரும்பினாலும் தாமதம் சில மில்லிசெக்கன்களை அதிகம் தாண்டியிராது. இன்றைய தாமதத்தை உண்டாக்குவது தூரமல்ல, ஒலியை எண்ணாக்கிச் சுருக்கி, பொதியாக்கி, காத்திருந்து, மீண்டும் விரிக்கும் வேலை. முன்னோர் எதிர்கொள்ளாத சிக்கலுக்கு முன்னோரின் வெற்றி விடையாகாது.

தாமதத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. மிகச் சிறிய தாமதம் வேறுவிதமாகக் குரலைக் கெடுக்கும். நாம் நம் குரலை இரு வழிகளில் கேட்கிறோம்: காற்று வழியாகவும் மண்டையோட்டு எலும்பு வழியாகவும். இரண்டும் ஏறத்தாழச் சம வலுவுள்ளவை என்று ஜோர்ஜ் பொன் பெக்கேசி 1949இல் காட்டினார். செவிப்புலன் ஆய்வுக்காக 1961இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். எலும்பு வழி வரும் ஒலிக்குத் தாமதமே கிடையாது. ஹெட்போனில் வரும் குரல் 5 மில்லிசெக்கன் பிந்தினால், இரண்டும் சேரும்போது 100, 300, 500 ஹேர்ட்ஸ் என்று ஒன்றுவிட்டு ஒன்றாகச் சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆண்குரலின் அடிநாதம் இருக்கும் இடமே 100 ஹேர்ட்ஸை அண்டியதுதான். தன் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் அவருக்குத் தோன்றும். அதை ஈடுசெய்யத் தொண்டையை அழுத்திப் பேசுவார். கணினி மென்பொருளுக்குள் போய் வரும் குரலை வர்ணனையாளருக்குக் கொடுக்கக்கூடாது, ஒலிவாங்கியில் இருந்து நேரே அனலொக் மிக்சரின் வழியே கொடுக்கவேண்டும் என்பதற்குக் காரணம் இது. தாமதமே இல்லாதபோதும் இன்னொரு பொறி உண்டு. ஒலிவாங்கி வயரின் இரண்டு முனைகளில் ஒன்றில் இணைப்பு மாறிப் பற்றவைக்கப்பட்டிருந்தால் ஹெட்போனில் வரும் அலை எலும்பு வழி வரும் அலைக்கு எதிர்த்திசையில் அமைந்து கனத்த ஒலிகளை விழுங்கிவிடும். வெளியே கேட்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பேசுபவருக்கு மட்டும் குரல் மெலிந்துபோகும். மிக்சரில் அலைத்திசை மாற்றும் பொத்தான் இருந்தால் பேசிக்கொண்டே அதை அழுத்திப் பார்க்கலாம். எந்த நிலையில் குரல் முழுமையாகக் கேட்கிறதோ அதுவே சரியான நிலை.

அடுத்தது இரண்டு காதுகளுக்குமான பங்கீடு. ஒலிபரப்புக்கென்று செய்யப்படும் அறிவிப்பாளர் பெட்டிகளில் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் தனித்தனி ஒலியளவுத் திருகு இருக்கும். நிகழ்ச்சியும் தன் குரலும் ஒரு காதில், தயாரிப்பாளரின் கட்டளை மறு காதில். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து இரு காதுக்கும் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கொலின் செரி 1953இல் செய்த பரிசோதனை இதற்கு ஓரளவு விடை தருகிறது. இரண்டு பேச்சுகளை ஒன்றாகக் கலந்து கொடுத்தபோது அவற்றைப் பிரித்தறியக் கேட்டவர்கள் பெரும்பாடுபட்டார்கள். ஒவ்வொரு காதுக்கும் ஒன்றாகக் கொடுத்தபோது வேண்டியதைச் சிரமமின்றிப் பின்தொடர்ந்தார்கள். ஆனால் அதே பரிசோதனை ஓர் எச்சரிக்கையையும் தந்தது: ஒரு காதில் கவனம் வைத்தவர்களுக்கு மறு காதில் யாரோ பேசுகிறார்கள் என்பது தெரிந்தது, என்ன பேசினார்கள் என்பது தெரியவில்லை. நெவில் மொரே 1959இல் இதை மேலும் சோதித்தார். கவனிக்காத காதில் தன் பெயர் சொல்லப்பட்டபோது மூன்றிலொரு பங்கினரே அதைக் கவனித்தார்கள். தயாரிப்பாளர் மறு காதில் பேசுவதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பது இதன் பொருள். அவர் பொத்தானை அழுத்திப் பேசும் நேரத்தில் நிகழ்ச்சியின் ஒலி தானாகச் சற்றுத் தாழவேண்டும். நல்ல தொடர்புக் கருவிகளில் இந்த வசதி உண்டு. அது இல்லாத சிறிய ஏற்பாட்டில் மனிதர்தான் அதை ஈடுசெய்யவேண்டும்: முதலில் பெயர், ஒரு சிறு இடைவெளி, பிறகு நான்கைந்து சொல்லுக்குள் செய்தி. “இப்ப விளம்பரம்” என்பது போதும். வர்ணனையாளர் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருக்கும்போது அவருக்கு இன்னொரு வாக்கியம் சொல்வது கொடுமை.

துடுப்பாட்ட வர்ணனையில் இரண்டு பேர் அருகருகே இருப்பார்கள். இங்கேதான் மலிவான ஒரு வழக்கம் மிகுந்த கெடுதி செய்கிறது: ஒரே ஹெட்போன் துளையில் இரட்டைப் பிளக்கைச் செருகி இருவருக்கும் பிரித்துக் கொடுப்பது. ஒருவரின் ஹெட்போன் 32 ஓம், மற்றவருடையது 250 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே மில்லிவாற்றுக்கு ஒரே உரப்பைத் தருபவையாக இருந்தாலும், ஒரே மின்னழுத்தத்தில் 32 ஓம் கருவி எட்டு மடங்களவு வலுவை எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் ஏறத்தாழ 9 டெசிபல். ஒருவருக்குக் காது வலிக்கும்போது மற்றவருக்கு அரைகுறையாகத்தான் கேட்கும். திருகு ஒன்றே என்பதால் இருவரும் மாறி மாறி அதைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். குறைவாகக் கேட்பவர் கத்துவார், உரக்கக் கேட்பவர் முணுமுணுப்பார். ஒலிவாங்கிகளில் இருவரின் மட்டமும் ஏறி இறங்கும். மட்டம் சரியில்லை என்று மிக்சரில் இருப்பவர் மேலும் திருத்துவார். நான்கு வெளியீடுள்ள சிறிய ஹெட்போன் பெருக்கி ஒன்று இருந்தால் இந்தச் சங்கிலி முழுவதும் அறுந்துபோகும். ஒவ்வொருவருக்கும் அவரவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு திருகு வேண்டும் என்பது வசதிக்காகச் சொல்வதல்ல. குரல் மட்டத்தைச் சீராக வைத்திருக்கும் வழி அது.

இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஹெட்போன் பிளக்கின் நுனி இடக்காது, நடு வளையம் வலக்காது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. மிக்சரின் பின்பக்கத்தில் இருக்கும் பாலன்ஸ்ட் வெளியீட்டுத் துளையும் இதே வடிவம்தான், ஆனால் அதில் நுனியும் வளையமும் ஒரே ஒலியின் நேரும் எதிரும். ஹெட்போனை அதில் செருகினால் ஒலி கேட்கத்தான் செய்யும். இரு காதுகளும் ஒன்றுக்கொன்று எதிராக அசைவதால் குரல் தலையின் நடுவில் நில்லாமல் எங்கோ மிதக்கும். கோயிலின் மின்சாரத்தில் ஒரு கருவியும் ஜெனரேற்றரில் இன்னொன்றுமாக இணைத்துவிட்டு இரண்டையும் ஒலி வயரால் தொடுத்தால் 50 ஹேர்ட்ஸ் ஊளை வரும். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இருந்து மின்சாரம் எடுக்கவேண்டும், முடியாவிட்டால் இடையில் தனிமைப்படுத்தும் ட்ரான்ஸ்போமர் வைக்கவேண்டும். மின்கருவியின் நில இணைப்பை அறுத்து ஊளையை நிறுத்தும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது. இருமும்போது அழுத்தும் பொத்தானும், தயாரிப்பாளரோடு மட்டும் பேசும் பொத்தானும் கையை எடுத்ததும் தானாக விடுபடும் வகையாக இருக்கவேண்டும். அழுத்தியபடி நின்றுவிடும் பொத்தானால், ஒலிபரப்புக்குப் போகவேண்டிய பேச்சு தயாரிப்பாளருக்கு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

திருகை வர்ணனையாளர் கையில் கொடுத்தால் அவர் கூட்டிக்கொண்டே போய் காதைக் கெடுத்துக்கொள்வார் என்ற மறுப்புக் கனமானது. அதற்கு எண்களால்தான் விடை சொல்லவேண்டும். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 100இல் 15 நிமிடம். எடுத்துக்காட்டாக, பந்தலைச் சுற்றி இரைச்சல் 95 டெசிபல் என்று கொள்வோம். காதை மூடாத ஹெட்போனில் பேச்சு விளங்க அதைவிட 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் 105. அதற்கு அனுமதி 5 நிமிடம்கூட இல்லை. வெளிச்சத்தத்தில் 20 டெசிபல் தடுக்கும் மூடிய ஹெட்போனில் இரைச்சல் 75 ஆகும், பேச்சுக்கு 85 போதும். 8 மணி நேரம் இருக்கலாம். 25 நாள் தொடர்ந்து வர்ணனை செய்பவருக்கு இந்த வித்தியாசம் ஆயுட்காலச் செவிப்புலன். எனவே ஆபத்தைக் கூட்டுவது திருகு அல்ல, திறந்த ஹெட்போன். பெருக்கியில் உச்ச அளவை மட்டுப்படுத்தும் அமைப்பும் இருந்தால் தற்செயலாக ஒரு பிளக் இழுபட்டு வரும் வெடிப்பொலியும் தடுக்கப்படும். காதுத் துவாரத்தை அடைக்கும் சிறிய வகை இங்கே வேண்டாம். காதை அடைத்தால் எலும்பு வழி வரும் கனத்த ஒலிகள் உள்ளே சிறைப்பட்டு, தன் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். காதைச் சுற்றி அகன்று மூடும் கிண்ணத்தில் அந்த முழக்கம் குறைவு. யாழ்ப்பாண வெக்கையில் அது வியர்க்கும் என்பது உண்மை. துணி உறையைச் சில மணிக்கொருமுறை மாற்றுவதும், ஒருவர் உறையை மற்றவர் அணியாதிருப்பதும் அதற்குப் போதும்.

இன்னும் ஒரு மறுப்பு அனுபவசாலிகளிடமிருந்தே வருகிறது: காதை மூடிவிட்டால் திருவிழாவே கேட்காது, சூழலை உணராமல் எப்படி வர்ணிப்பது? நியாயமான கவலை, ஒரு காதை வெளியே விட்டுப் பேசும் பழக்கம் இதனால்தான் வந்தது. ஆனால் வெளியே விட்ட காதில் 70 மீற்றர் தூரத்துக் குழாயும் சேர்ந்தே நுழைகிறது. சூழல் ஒலிக்கென்று தனியாக ஓர் ஒலிவாங்கியை, குழாய்களின் முகத்துக்கு விலக்கி, மேளத்தின் பக்கமாக வைத்து, அதைச் சிறிய அளவில் காதுக்குள் விட்டால் தவிலின் சொற்கட்டும் கேட்கும், தாமதித்த எதிரொலியும் குறையும். கேட்பவர்களுக்கும் அதே ஒலிவாங்கி தேரோட்டத்தின் உயிரைக் கொண்டுபோகும். வர்ணனையாளர் பேசும் ஒலிவாங்கியோ வாய்க்கு மிக அருகில் இருக்கவேண்டும், ஏனென்றால் அது பிடிக்கும் இரைச்சல் அவருடைய குரலோடு சேர்ந்து மூடிய காதுக்குள்ளும் வந்துவிடும். மேலுதட்டோடு ஒட்டிப் பிடித்துப் பேசும் ரிப்பன் ஒலிவாங்கியை பிபிசி 1937இலேயே பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது இந்தக் காரணத்துக்காகத்தான். ஹெட்போனோடு இணைந்த தண்டில் வாயருகே நிற்கும் டைனமிக் ஒலிவாங்கி இன்று அந்த வேலையைச் செய்கிறது. தலை திரும்பினாலும் தூரம் மாறாது என்பது அதன் மேலதிக நன்மை.

செலவைக் காட்டி இதையெல்லாம் ஒத்திவைப்பவர்கள் உண்டு. ஒரு பாடசாலையின் ஊடகக் கழகமோ ஒரு கோயிலின் சபையோ ஆயத்த அறிவிப்பாளர் பெட்டி வாங்குவது எளிதல்லத்தான். அது இல்லாமலே இங்கே சொன்னவற்றில் பெரும்பாலானதைச் செய்துவிடலாம்: துணை வெளியீடு இரண்டுள்ள அனலொக் மிக்சர், சிறிய ஹெட்போன் பெருக்கி, ஒரே வகையான மூடிய ஹெட்போன் இரண்டு, வயர். இரண்டாவது கமராவுக்கு முன் இதை வாங்கவேண்டும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் வர்ணனையாளரை அவருடைய இடத்தில் இருத்தி, ஒரு பந்தியை முதலில் வீதியின் குழாய்களை நிறுத்தி ஹெட்போன் இல்லாமலும், பிறகு குழாய்கள் அனைத்தையும் திருவிழா அளவில் ஒலிக்கவிட்டு ஹெட்போனை அணிந்தும் வாசிக்கச் சொல்லி, இரண்டையும் பதிந்து நேரத்தை ஒப்பிடுங்கள். அணிந்தபோது வாசிப்பு நீண்டால் அவர் குரல் எங்கோ தாமதித்து அவரிடம் திரும்புகிறது. மிக்சரில் ஒவ்வொரு வழியாக மூடிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் மூடிய பிறகும் நீண்டால், பந்தலையோ குழாயையோ இடம் மாற்றவேண்டும்.